ஆட்டப் பலகையும் வணிகப் பெயரும்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் 'வல்' என்னும் சொல்லைத் தனியே எடுத்துக்கொண்டு அதற்குப் புணர்ச்சி விதி கூறுகின்றார். வல் என்பது பண்டைத் தமிழர் ஆடிய பலகை ஆட்டம். சூதாடு கருவியையும் அச்சொல் குறிக்கும். அதனோடு 'நாய்', 'பலகை' என்னும் சொற்கள் வந்து சேருங்கால் வல்லுநாய், வல்லுப்பலகை என்றும், வல்லநாய், வல்லப்பலகை என்றும் இருவகையாக வழங்கும் என்பது அவ்விதியின் கருத்து. ஈண்டு நாய் என்றது ஆட்டக் காயை. (இந்நூற்பாவை நடத்தும்போது வகுப்பில் சிரிப்பு எழாத ஆண்டு இல்லை என்பதை ஆசிரியர்கள் அறிவர்.) இலக்கண நூல் ஒன்று ஓர் ஆட்டத்தின் காய்க்கும் பலகைக்கும் தனி விதி வகுக்க நேர்ந்தது எனின், அவ்வாட்டம் மக்கள் நாவில் நாள்தோறும் வழங்கியிருத்தல் வேண்டும். ஆயின் அப்பலகையைச் செய்தவன் யார், அவன் பெயர் யாது என்னும் செய்தி நமக்குக் கிடைக்கவில்லை. அதனை எவரும் கேட்டிருக்கவும் மாட்டார். தச்சன் பலகை செய்தான், ஆடுவோர் ஆடினர், ஆட்டம் எல்லார்க்கும் பொதுவாக இருந்தது.

பொதுவாயிருந்த ஆட்டத்திற்கு உடைமையாளன் தோன்றியது எப்போது? அவன் இட்ட வணிகப் பெயரே ஆட்டத்தின் பெயராக மாறியது எங்ஙனம்? அம்மாற்றத்தால் ஆடுவோருடைய தெரிவுக்கு நேர்ந்தது யாது? இவ்வினாக்களைப் பினாங்கிலிருந்து எழுப்புவது பொருத்தமுடையது. உலகின் வணிகப் பெயர்கள் பல மலாயாவுக்குள் நுழைந்த வாயில் இத்துறைமுகம். அப்பெயர்களைக் கேள்வி கேட்ட பயனீட்டாளர் இயக்கம் வேரூன்றியதும் இந்நகரிலேயாம்.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றிய பின்னர், சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் உழைப்பாளரும் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் மரக்கலங்களில் துணியும் மிளகாயும் ஏற்றி வந்தனர் என்பதை வரலாற்று நூல்கள் கூறும். அவர்கள் ஆட்டங்களையும் கொண்டுவந்தனர் என்பதை எந்தச் சரக்குப் பட்டியலும் கூறாது. ஆட்டத்திற்குச் சுங்கம் இல்லையன்றோ! பல்லாங்குழி ஆடத் தெரிந்த தமிழ்ப்பெண் மலாய் அயலாள் வீட்டில் சோங்காக் பலகையைக் கண்டபோது வியப்படைந்திருக்க மாட்டாள். நம் பலகையில் பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். சோங்காக்கில் அவற்றோடு இருமுனைகளிலும் 'வீடு' எனப்படும் பெருங்குழிகள் இரண்டு கூடுதலாக இருக்கும். இங்கே புளியங்கொட்டை, அங்கே சோழி. விதிகளில் சிறு வேறுபாடுகள் உண்டு. ஆயினும் ஒரு நாழிகையில் ஒருவர் மற்றவருடைய ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளலாம். நியோன்யா இல்லங்களிலும் இப்பலகை இருந்தது. மூன்று இனத்தார் மூன்று மொழிகளில் வழங்கிய ஆட்டத்திற்கு ஒரே ஒரு விதிநூல் வேண்டும் என்று ஒருவரும் கருதவில்லை. 'எங்கள் வீட்டில் இப்படித்தான் ஆடுவோம்' என்பதே விதி.

தாயமும் பரமபத சோபனமும் அத்தகையனவே. தாயக்கட்டம் தரையில் சுண்ணத்தால் கீறினால் போதும். பரமபதப் படமோ வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்கு உதவியது. பாம்பின் வாயில் விழுந்து இறங்குவதும் ஏணியில் ஏறுவதும் வினைப்பயன் என்னும் கொள்கையைச் சிறுவர் மனத்தில் பதித்தன. அப்படத்தை அச்சிட்டு விற்றவர் உண்டு. அவர் விற்றது தாளையேயன்றி ஆட்டத்தை அன்று.

இனி வணிகப் பெயரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். மலாய் மொழியில் வணிகச் சின்னத்தைச் 'சாப்' என்பர். இந்தி மொழியின் 'சாப்' என்பதிலிருந்து அது வந்தது. முத்திரையைக் குறிக்க நாம் வழங்கும் 'சாப்பா'வும் அதன் உறவே. எழுத்தறியாதவர் பலரும், ஒருவர் எழுத்தை மற்றவர் அறியாதவர் பலரும் கூடிய பினாங்குச் சந்தையில் படமே மொழியாயிற்று. 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய தைல நிறுவனம் ஒன்று கோடரிப் படத்தைச் சின்னமாகக் கொண்டது. தமிழர் அதனைக் கோடாலித் தைலம் என்றனர். மலாய்க்காரர் 'சாப் காப்பாக்' என்றனர். அவரவர் மொழியில் கேட்டு ஒரே பொருளைப் பெற்றனர். இது பயனீட்டாளருக்கு நன்மையே. சென்ற மாதம் வாங்கிய பொருளையே இம்மாதமும் வாங்குகின்றோம் என்னும் உறுதியைப் படம் தந்தது. வணிகப் பெயர் என்றாலே சூழ்ச்சி என்று கூறுவோர் இதனை மறத்தலாகாது.

ஆயினும் அதே படம் வேறு வேலையும் செய்ய வல்லது. ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் 1912இல் மலாயாவில் தன் வாணிகத்தைத் தொடங்கியது பினாங்கில்தான். அதுவே பின்னாளில் நெஸ்லே என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. தேநீர்க்கடையில் கெட்டிப்பால் இன்றியமையாததாயிற்று. அதில் குற்றமில்லை. ஆனால் டப்பியில் கண்ட படத்தின்மேல் எழுந்த நம்பிக்கை, கைக்குழந்தைக்கும் அதனைக் கரைத்து ஊட்டலாம் என்னும் அளவுக்குச் சென்றது. 1939இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரையில், தாய்ப்பாலை விடுத்து இத்தகைய பாலை ஊட்டச் சொல்லும் விளம்பரத்தைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். முப்பதாண்டுகள் கழித்து, 1969இல், பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோன்றியது. நெடுங்காலம் அதன் தலைவராயிருந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் (1926–2019) தமிழ்நாட்டில் பிறந்தவர். சங்கத்தின் குரல் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலித்தது. உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்கு 1978 முதல் 1984 வரை தலைவராயிருந்த அன்வார் பசாலும் பினாங்கைக் களமாகக் கொண்டு பணியாற்றியவரே. பல நாட்டு இயக்கங்களின் உழைப்பால் 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை முறைபற்றிய நெறித்தொகுப்பை ஏற்றது. சார்பாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு அமெரிக்கா ஒன்றே.

பால்டப்பிக்கும் ஆட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்கலாம். தொடர்பைவிட வேறுபாடே இங்கு முதன்மையானது. பாலையோ தைலத்தையோ ஒருவர் தனியே தெரிந்தெடுக்கலாம். அயலார் வேறு தைலம் பூசினால் நமக்கு இழப்பில்லை. ஆட்டம் அத்தகையதன்று. உடன் ஆடுவோர் அறிந்த ஆட்டத்தையே நாமும் ஆட முடியும். ஆகவே ஆட்டத்தின் பெயரைக் கைப்பற்றியவன் ஒரு பொருளை மட்டும் கைப்பற்றவில்லை. கூடியாடும் களத்தையே கைப்பற்றுகின்றான்.

அக்கைப்பற்றல் முதலில் நம் நாட்டு ஆட்டங்களிலேயே நிகழ்ந்தது. பாச்சிகை என்னும் வடநாட்டு ஆட்டம் அக்பரின் பதேப்பூர் சிக்ரி முற்றத்திலும் கட்டமிடப்பட்டிருந்தது; இருபத்தைந்து என்னும் எண்ணின் பெயரே அவ்வாட்டத்தின் பெயர். அமெரிக்காவில் செல்கோ அண்ட் ரைட்டர் நிறுவனம் அதன் பெயரைப் 'பார்ச்சீசி' எனத் திரித்து 1874இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. இங்கிலாந்தில் அதே ஆட்டம் எளிமையாக்கப்பட்டு 'லூடோ' ஆயிற்று. 'நான் ஆடுகின்றேன்' என்னும் பொருளுடைய அந்த இலத்தீன் சொல் பள்ளிக்கூட வாசனை வீசுவது. பாச்சிகையின் பிறந்தகம் அதில் தெரியாது. பரமபதமோ புண்ணிய பாவங்களை இழந்து பாம்பும் ஏணியுமாக மட்டும் எஞ்சியது. 1943இல் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையும் நீக்கிச் சறுக்குமரத்தை வைத்தது. பின்னர் இவ்விரண்டும் ஒரே அட்டையின் இருபுறங்களிலும் அச்சாகிக் கீழ்த்திசைக் கடைகளுக்கே திரும்பி வந்தன. தம் பாட்டனார் தரையில் கீறி ஆடியதைப் பேரன் காசு கொடுத்து வாங்கினான். மலாய் மக்கள் மட்டும் அதற்கு 'டாம் உலார்' என்று, பாம்பாட்டம் என்னும் பொருள்படத் தம் மொழியிலேயே பெயரிட்டுக்கொண்டனர். அச்சிறு செயல் எனக்கு மிகுந்த மதிப்புக்குரியதாகத் தோன்றுகின்றது.

வணிகப் பெயரின் ஆற்றலை முழுமையாகக் காட்டுவது மொனாப்பலி என்னும் ஆட்டத்தின் வரலாறு. எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1904இல் 'நிலக்கிழார் ஆட்டம்' என்பதற்குக் காப்புரிமை பெற்றார். நிலவரி ஒன்றே போதும் என்ற பொருளியல் அறிஞர் ஹென்றி ஜார்ஜின் கொள்கையைப் பற்றியவர் அவர். நிலத்தைக் கைப்பற்றியவன் வாடகையால் பிறரை எவ்வாறு ஓட்டாண்டியாக்குவான் என்பதைக் கண்கூடாகக் காட்டுதலே அவ்வாட்டத்தின் நோக்கம். மக்கள் அதனைக் கையால் வரைந்து, தத்தம் ஊர்த் தெருப்பெயர்களை இட்டு, முப்பதாண்டுகள் ஆடினர். நம் பல்லாங்குழியைப் போலவே அது கைமாறிக் கைமாறிப் பரவியது. அட்லாண்டிக் நகரத் தெருப்பெயர்கள் கொண்ட வடிவம் ஒன்று சார்லஸ் டாரோ என்பவரிடம் வந்து சேர, அவர் அதனைத் தம் படைப்பாகவே 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்திற்கு விற்றார். அந்நிறுவனம் மேகியின் காப்புரிமையையும் 500 வெள்ளிக்கு வாங்கியது. விற்பனைப் பங்கு அவருக்கு இல்லை. டாரோ செல்வரானார், விதிநூலில் அவர் பெயரே நின்றது, நிலக்கிழாரைக் கண்டிக்கப் பிறந்த ஆட்டம் நிலக்கிழாராவதைக் கொண்டாடும் ஆட்டமாக உலகைச் சுற்றியது.

(பினாங்கு வாசகருக்கு இதனை விளக்க ஆட்டப் பலகையே வேண்டுவதில்லை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 1999 இறுதியுடன் அதன் காப்பு முடிவுற்றபோது, ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோர் பலர் உயர்ந்த வாடகைக்கு ஈடுகொடுக்க இயலாமல் வெளியேறினர். மேகி அம்மையார் காட்ட விரும்பியது அதனையே.)

1973இல் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பொருளியல் பேராசிரியர் ரால்ப் அன்ஸ்பாக் 'ஆண்டி-மொனாப்பலி' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். முற்றுரிமை நிறுவனங்களை உடைப்பதே அதில் வெற்றி. பார்க்கர் நிறுவனம் பெயருரிமை கோரி எதிர்த்தது. தொடக்க நிலைத் தீர்ப்பு அன்ஸ்பாக்குக்கு எதிராக அமையவே, 1977இல் மினசோட்டா மாநிலத்தின் மான்கேட்டோ ஊரில் அவருடைய ஆட்டப்பெட்டிகள் 40,000 மண்ணில் புதைக்கப்பட்டன. நூலை எரித்த அரசுகளைப் பற்றிப் படித்திருக்கின்றோம். ஆட்டத்தைப் புதைத்த வாணிகத்தையும் அறிந்துகொள்வோமாக.

அன்ஸ்பாக் ஓயவில்லை. வழக்குக்காகச் சான்று தேடியபோதுதான் மேகியின் மறைந்த வரலாறே வெளிச்சத்துக்கு வந்தது. மேல்முறையீட்டில் முன்வைக்கப்பட்ட மக்கள் கருத்தாய்வு ஒன்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. மொனாப்பலி வாங்குவோரிடம் இரண்டு கூற்றுகள் தரப்பட்டன. 'பார்க்கர் நிறுவனத்தின் பொருள்களை விரும்புவதால் அவர்கள் ஆட்டத்தை வாங்குகின்றேன்' என்பது ஒன்று. 'அந்த ஆட்டத்தை ஆட விரும்புகின்றேன். யார் செய்தது என்பது எனக்குப் பெரிதன்று' என்பது மற்றொன்று. முதற்கூற்றைத் தேர்ந்தவர் 32 விழுக்காட்டினர். இரண்டாவதைத் தேர்ந்தவர் 65 விழுக்காட்டினர். எனவே அப்பெயர் ஒரு நிறுவனத்தைச் சுட்டவில்லை, ஆட்டத்தையே சுட்டுகின்றது. ஆட்டத்தின் பெயரை ஒருவர் உடைமையாக்கிக்கொள்ளல் இயலாது என 1982இல் நீதிமன்றம் முடிவு செய்தது. நம் இலக்கணத்தில் கூறுவதாயின், சிறப்புப்பெயர் பொதுப்பெயராயிற்று என்று அறமன்றம் கண்டது. 1983இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. ஆயினும் மறு ஆண்டிலேயே அமெரிக்கப் பேரவை, வாங்குவோரின் நோக்கத்தைக் கொண்டு பெயருரிமையை அளத்தல் கூடாது எனச் சட்டத்தைத் திருத்தியது. 1985இல் இருதரப்பும் இணங்கின. அன்ஸ்பாக் தம் ஆட்டத்தை விற்கலாயினர். மொனாப்பலி என்னும் பெயரோ இன்றளவும் வணிகப் பெயராகவே நிற்கின்றது. பார்க்கரை 1991இல் ஹாஸ்புரோ என்னும் பெருநிறுவனம் தன்வயப்படுத்திக்கொண்டது. மில்டன் பிராட்லியை அது 1984இலேயே வாங்கியிருந்தது.

மலேசியப் பிள்ளைகள் இவ்வகை ஆட்டத்தைச் 'சைடினா' என்னும் உள்நாட்டுப் பெயரால் அறிவர். ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டத்திற்கு இணையாக மலாய் மொழியில் 'சாஹிபா' உண்டு. பள்ளிகளில் அதற்குப் போட்டிகளும் நடைபெறுகின்றன. சென்னையில் 1987இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் ஹாஸ்புரோவுடன் கூடி ஃபன்ஸ்கூலைத் தொடங்கிற்று. அதே காலத்தில் தமிழ்நாட்டுச் சிறுவர் பலர் மலிவான 'டிரேட்' அட்டையில் பம்பாயையும் சென்னையையும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தனர். பொருள் ஒன்று, பெயர் வேறு என்னும் இந்நிலை பயனீட்டாளருக்குத் தெரிவு இருப்பதாகத் தோற்றுவிக்கும். ஆனால் தெரிந்தெடுக்கப்படுவது சட்டகம் ஒன்றின் பல நகல்களுள் ஒன்றே. வேறொரு சட்டகத்தை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு அங்கு இல்லை.

பெயரின் ஆட்சி இன்னும் நுட்பமாக விளங்குவது பாத்திரமேற்பு ஆட்டத்தில். தமிழ் வாசகருக்கு அது புதிதாகலாம். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, 'நான் கதவைத் திறக்கின்றேன்', 'நான் அரசனிடம் பொய்யுரைக்கின்றேன்' என உரைப்பர். செயல் வென்றதா தோற்றதா என்பதைப் பகடை சொல்லும். எழுதிவைத்த உரையாடல் இல்லை. பினாங்கு மக்களுக்கு இதனை விளக்கப் பங்சவான் நாடகத்தை நினைவூட்டினால் போதும். 1870களில் இங்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு எழுந்த கலை அது; 1885இல் மாமாக் பூஷி என்பவர் பினாங்கில் 'பூஷி இந்திரா பங்சவான்' குழுவை அமைத்தார். அந்நடிகர்கள் கதைச்சுருக்கத்தை மட்டும் அறிந்து மேடையேறினர். பேச்சை அங்கேயே புனைந்துகொண்டனர். பங்சவானில் பார்வையாளர் உண்டு, பகடை இல்லை. இவ்வாட்டத்தில் பகடை உண்டு, பார்வையாளர் இல்லை. வேறுபாடு ஏறக்குறைய அவ்வளவே.

இவ்வகை ஆட்டத்தின் முதல் நூல் 1974இல் அமெரிக்காவின் லேக் ஜினீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் அதன் ஆசிரியர்கள். பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று கொள்ளலாம். முதற்பதிப்பு 1,000 படிகள். பெருநிறுவனங்கள் எவையும் இதில் ஈடுபடவில்லை. கைகாக்ஸ் அக்காலத்தில் காலணி பழுதுபார்த்தும் பிழைத்தவர். அவர்தம் டி.எஸ்.ஆர். நிறுவனம் வளர்ந்து தளர்ந்து, 1997இல் விசர்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அதனை 1999இல் வாங்கியது மேற்சொன்ன ஹாஸ்புரோவே.

கதை சொல்லும் ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் தோன்றியிருக்க, ஒரே பெயர் ஐம்பதாண்டுகளாக மேலோங்கி நிற்பது ஏன்? விதிகள் சிறந்தவை என்பது காரணமாகாது. எளிய விதிகளும் ஆழ்ந்த கதைக்களமும் உடைய வேறு ஆட்டங்கள் உள. காரணம் கூட்டமே. புதிய ஆட்டம் ஒன்றைக் கற்க ஒருவர் நூறு பக்கம் படித்தல் போதாது. உடனாடும் நால்வரும் படிக்க வேண்டும். கடைக்காரர் விற்பதையே அடுக்குவார். அடுக்கியதையே புதியவர் காண்பர். கண்டதையே நண்பருக்குக் கற்பிப்பர். நண்பர் வேறூர் சென்றாலும் அங்கும் அதனையே ஆடுவோர் கிடைப்பர். மொழி பரவுவதும் இவ்வாறே. உலகில் ஆங்கிலம் பயில்வோர் அதன் இலக்கண அழகைக் கண்டா பயில்கின்றனர்?

இதனை நிறுவனத்தாரே நன்கறிந்திருந்தனர். 2000ஆம் ஆண்டில், ரயன் டான்சி என்பாரின் முயற்சியால், ஆட்டத்தின் அடிப்படை விதிகளைப் பிறர் எவரும் இலவசமாகப் பயன்படுத்தி நூல் வெளியிடலாம் என்னும் திறந்த உரிமத்தை வழங்கினர். இதில் வள்ளன்மையும் உண்டு, கணக்கும் உண்டு. பிறர் எழுதும் ஒவ்வொரு கதைநூலும் மூலநூலுக்கு ஆள் சேர்க்கும். சிறு பதிப்பகங்கள் தமக்கெனப் புது விதி படைப்பதை விடுத்து அந்த ஆலமரத்தின்கீழ் ஒதுங்கின. நிழல் கிடைத்தது, தனி வேர் ஊன்றவில்லை. 2008இல் புதிய பதிப்புக்கு நிறுவனம் உரிமத்தைக் குறுக்கியபோது, பைசோ என்னும் பதிப்பகம் பழைய உரிமத்தையே பற்றிக்கொண்டு 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அது சில ஆண்டுகள் கடைப் பட்டியல்களில் மூலத்தையே முந்தியது. பழைய விதிகளை விரும்பியோர் அவ்விதிகள் இருக்குமிடம் சென்றனர். 65 விழுக்காட்டினரின் விடை இங்கு மீண்டும் ஒலிப்பதை உணரலாம்.

2023 சனவரித் திங்களில் பெரும்புயல் எழுந்தது. இருபத்து மூன்றாண்டுகள் நிலைத்த உரிமத்தை நீக்கிப் புதியதொன்றை இயற்றும் வரைவு வெளியே கசிந்தது. ஆண்டு வருமானம் 50,000 வெள்ளியைக் கடந்தோர் கணக்குக் காட்ட வேண்டும். 750,000 வெள்ளியைக் கடந்தோர் மிகுதியில் 25 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. ஆடுவோர் சினந்து நிறுவனத்தின் இணையச் சந்தாக்களை விட்டு விலகினர். பைசோ உள்ளிட்ட பதிப்பகங்கள் எவர்க்கும் உடைமையாகாத மாற்று உரிமம் ஒன்றை அறிவித்தன. எட்டு மாதங்களுக்குப் போதும் என எண்ணியிருந்த தம் விதிநூல் இருப்பு இரண்டே வாரத்தில் விற்றதாகவும் பைசோ தெரிவித்தது. நிறுவனம் திருத்திய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15,000க்கும் மேற்பட்டோர் மறுமொழி தந்தனர். 88 விழுக்காட்டினர் அவ்வுரிமத்தின்கீழ் நூல் வெளியிட விரும்பவில்லை என்றனர். சனவரி 27ஆம் நாள் நிறுவனம் பின்வாங்கியது. அதனோடு நில்லாமல், அடிப்படை விதிகள் அடங்கிய ஏறத்தாழ 400 பக்கத் தொகுப்பைக் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் பொது உரிமத்தின்கீழ் வைத்தது. அவ்வுரிமத்தைத் திரும்பப் பெறல் இயலாது.

பால்டப்பி வரலாற்றில் உலகப் பேரவை கூட வேண்டியதாயிற்று. ஏனெனில் அங்கே இழப்புக்குள்ளானது வாய் பேசாக் குழந்தை. ஆட்டத்திலோ ஆடுவோரே கூடிப் பேசினர்; மூன்று வாரம் போதுமானதாயிற்று. இவ்வெற்றியை மிகையாகக் கொள்ளுதல் தகாது. உரிமம் மீண்டது, பெயரின் மேலாட்சி குறையவில்லை. சினந்து சென்றோரில் பலர் அதே ஆட்டத்திற்கே திரும்பினர். அவர்தம் நண்பர் அங்கிருந்தனர்.

நம் நாட்டிலும் வேறு வழி கண்டோர் உண்டு. எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் தென்கிழக்காசியக் கடல்களையும் தீவுகளையும் களமாகக் கொண்டு, 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்னும் சிறுநூல் வரிசையை வெளியிட்டனர். அவற்றில் எந்த நிறுவனத்தின் விதியும் இடம்பெறவில்லை. ஊர், மக்கள், விலங்கு, வழக்கம், அச்சம் ஆகியன மட்டுமே உள. எந்த ஆட்டத்தின் விதிகொண்டும் அவற்றை ஆடலாம். ஆலமரத்தின் நிழலுக்கு வெளியே நட்ட கன்று என அதனைக் கூறலாம். ஆயினும் அந்நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. சென்னையில் கிரீடா என்னும் நிறுவனம் பல்லாங்குழியையும் பரமபதத்தையும் பெட்டியிலிட்டுப் புதுக்கி விற்கின்றது. பெயரில்லாமல் வாழ்ந்த ஆட்டம் மீண்டும் வாழ்வதற்கு வணிகப் பெயர் ஒன்று துணைவர வேண்டியிருப்பது காலத்தின் கோலம்.

2023ஆம் ஆண்டிலேயே அவ்விதித் தொகுப்பு பிரெஞ்சு, செருமானியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளிலும் பொது உரிமத்தோடு வெளிவந்தது. அந்நிறுவனம் தமிழில் வெளியிட்டதில்லை. உரிமத்தின்படி மூலத்தைச் சுட்டினால் போதும். எவர் இசைவும் பெறாமல், எவர்க்கும் பணம் கட்டாமல், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அதனைத் தமிழாக்கலாம். பிடித்த பகுதியை மட்டும் எடுத்து மணிமேகலையின் மணிபல்லவத்தையோ கடாரத்தையோ களமாக்கலாம். மொழிபெயர்ப்பவருக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல் கதை நடத்துபவரை எவ்வாறு அழைப்பது என்பதே. மூலத்தில் உள்ள பெயரோ நிறுவனத்தின் வணிகச் சின்னம். விதித்தொகுப்பில் அதற்கு மாறாக வேறொரு பொதுச்சொல்லையே வைத்துள்ளனர். 'ஆட்டத் தலைவர்' என்றால் பந்தாட்டக் குழுத் தலைவரோடு மயங்கும். சூத்திரதாரி வடசொல். கூத்தில் கட்டியங்காரன் களத்தை அறிவிப்பான், கதையைத் தொடுப்பான், வாயிற்காவலனாகவும் தூதனாகவும் தானே மாறிப் பேசுவான், தேவையானபோது அரசனையும் கேலி செய்வான். இவ்வாட்டத்தில் கதை நடத்துபவர் செய்வன அனைத்தும் அவன் செய்வனவே. அச்சொல்லின்மேல் இதுவரை எவரும் உரிமை கோரவில்லை.